ஆசிரியருக்கு ஆசிரியர் யார்? – முதியோர் கல்விப் பயிற்சி வந்த வழி

திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கம் வேடல் என்றொரு ஊர் இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 885இல் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறது. அவரிடம் ஐந்நூறு மாணாக்கியர் பயின்றார்கள். அதே ஊரில் நானூறு பெண் துறவியர் கொண்ட வேறொரு குழுவுக்கும் இவர்களுக்கும் மனத்தாங்கல் வந்தது. ஊரார் முன்வந்து, குரத்தியாருக்கும் அவர் மாணாக்கியருக்கும் காவலும் சோறும் தங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஐந்நூறு என்ற எண்ணைத்தான் வியந்து சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. குரத்தியார் குணகீர்த்தி படாரருடைய மாணாக்கியார் என்பதையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது. கழுகுமலைப் பாறையிலும் அப்படித்தான். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்றே பெயர்கள் வருகின்றன. சொல்லிக்கொடுப்பவரைக் குறிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரையும் சேர்த்துக் குறிப்பது அன்றைய வழக்கம். சமண முனிவர் உறைந்த இடத்துக்குப் பெயராக இருந்த 'பள்ளி' என்ற சொல் பின்னர் படிக்கிற இடத்துக்கே பெயராகிப் போனது இம்மலரின் வாசகர்கள் அறிந்ததே. அந்தப் பள்ளிகளில் பயின்றவர்கள் சிறு பிள்ளைகள் மட்டுமல்லர். வீடு துறந்து வந்த பெரியவர்களும் இருந்தார்கள்.

இதை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூட வயது தாண்டிப்போனவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி நம் நாட்டில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர். 2011இல் 73 பேர். இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பிள்ளைகள் பள்ளிக்குப் போனதால் வந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் கோடிக்கணக்கான பெரியவர்கள் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் 'தன்னார்வலர்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அந்தத் தன்னார்வலருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இன்றைக்கு அந்தப் பயிற்சி இணையம் வழியே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அது எந்த வழியாக வந்தது, வழியில் எதைக் கொண்டுவந்தது, எதை இறக்கிவைத்துவிட்டு வந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராப்பள்ளியிலிருந்து இலட்சுமணபுரி வரை

1855இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புணேயில் உழைப்பாளிகளுக்காக இராப்பள்ளி தொடங்கினார்கள். பம்பாயில் 1911இல் என்.எம். ஜோஷி தொடங்கிய சமூக சேவைச் சங்கம் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இராப்பள்ளிகளை நடத்தியது. 1937-39 காங்கிரஸ் மந்திரிசபைகள் காலத்தில் பீகாரிலும் பம்பாயிலும் இது அரசு இயக்கமாகவே ஆச்சு. 1939இல் தில்லியில் இந்திய முதியோர் கல்விச் சங்கம் அமைந்தது. இவை எல்லாவற்றிலும் ஆசிரியராக நின்றவர் பெரும்பாலும் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், அல்லது கல்லூரி மாணவர். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தால் பெரியவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் வெல்தி ஃபிஷர் அம்மையார். அமெரிக்கர். 1947இல் காந்தியடிகளைச் சந்தித்தபோது, இந்தியாவுக்கு உதவ வேண்டுமானால் கிராமங்களுக்குப் போங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். எழுபது வயது கடந்த பிறகு, 1953இல் அலகாபாத்தில் எழுத்தறிவு இல்லத்தைத் தொடங்கினார். 1956இல் அது இலட்சுமணபுரிக்கு, அதாவது நம்மவர்கள் லக்னோ என்று சொல்லும் ஊருக்கு, இடம் மாறியது. இந்தியில் அதன் பெயர் சாக்ஷரதா நிகேதன். அங்கே நேரடியாகப் படிக்க வந்தவர்களைவிட, படிப்பிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களே முக்கியம். பொம்மலாட்டத்தை வைத்து ஒரு செய்தியை எப்படிச் சொல்வது, புதிதாக எழுத்துக் கற்றவர் படிக்கும்படி சின்னச் சின்ன வாக்கியத்தில் புத்தகம் எப்படி எழுதுவது, தகரப் பெட்டியில் நூலகம் வைத்து ஊர் ஊராக எப்படிக் கொண்டுபோவது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். முதியோர் ஆசிரியம் ஒரு தனித் தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று நம் நாட்டில் முதலில் நடத்திக் காட்டிய இடங்களுள் அது ஒன்று.

ஆனால் ஓர் இல்லத்தில் எத்தனை பேரை உட்காரவைக்க முடியும்? 1959இல் மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில் தொடங்கிய கிராம் ஷிக்ஷண் மோகிம் ஊரையே வகுப்பாக்கியது. பள்ளி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறியாதவர் யாரும் இல்லை என்று ஆனதும் கிராமமே கூடி விழா எடுத்தது. விழா முடிந்தது, ஆசிரியர்களும் கலைந்தார்கள். தொடர்ந்து படிக்க வழி இல்லாமல் கற்றவர்களில் பலர் கற்றதை மறந்தார்கள். பின்னால் வந்த இயக்கங்களிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது.

வானொலி மன்றமும் செயற்கைக்கோளும்

இணையவழிப் பயிற்சி ஏதோ நேற்றைக்கு வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதில் நம் நாட்டுக்கு எழுபது வருஷ அனுபவம் இருக்கிறது.

1956இல் யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலியின் புணே நிலையம் ஒரு சோதனை செய்தது. மராட்டிய மொழி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வானொலி மன்றம் அமைத்தார்கள். பத்து வாரத்தில் இருபது நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கனடாவில் விவசாயிகளுக்காக நடந்த வானொலி மன்றமே இதற்கு முன்மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது வானொலிப் பெட்டியை அல்ல. நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, மன்றத்தார் பதினைந்து இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டதைப் பற்றிப் பேச வேண்டும். அமைப்பாளர் ஒருவர் பேச்சை நடத்துவார். எழுந்த கேள்விகளைக் குறித்து நிலையத்துக்கு அனுப்புவார். பின்வரும் நிகழ்ச்சிகளில் அவற்றுக்குப் பதில் வரும். கேட்பது பாதி, கூடிப் பேசுவது பாதி என்ற கணக்கு. வெறுமனே வானொலி கேட்டவர்களைவிட மன்றத்தில் கூடியவர்கள் மிகுதியாகக் கற்றார்கள் என்று ஆய்வு சொன்னது. 1959 முதல் மன்றங்கள் நாடெங்கும் பரவின. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வந்தது திருச்சி வானொலியின் பிரச்சாரத்தால்தான் என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்தது செயற்கைக்கோள். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கிய ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. கோழிக்கூண்டுக் கம்பிவலையில் செய்த பத்தடி அலைவாங்கியைக் கூரையில் வைத்துப் படம் பிடித்தார்கள். மாலை நிகழ்ச்சிகளைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். அதே ஆண்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு நாள் அறிவியல் பயிற்சி அதே வழியில் நடந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இரண்டு முறை நடந்த அப்பயிற்சியில் மொத்தம் ஐம்பதாயிரத்தை ஒட்டிய ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். அதிலும் படம் மட்டும் இல்லை. வானொலிப் பேச்சு உண்டு, அச்சிட்ட பாடம் உண்டு, கையால் செய்துபார்க்கும் சோதனைகள் உண்டு. மையத்தில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தார்கள், வழிநடத்த ஒருவர் இருந்தார். புணே மன்றத்தின் சாயல் இதிலும் தெரிகிறது. 2004 செப்டம்பர் 20இல் கல்விக்கென்றே எட்யுசாட் செயற்கைக்கோளை இந்தியா சொந்தமாகவே ஏவியது.

ஒன்று மட்டும் பாருங்கள். செயற்கைக்கோள் வழிப் பயிற்சி போனது சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியருக்கு. முதியோர் கல்வி ஆசிரியருக்கு அப்போதும் அந்த வசதி எட்டவில்லை.

ஐம்பது ரூபாய் ஆசிரியர்

1978 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை உள்ள பத்துக் கோடிப் பேரை ஐந்தே வருஷத்தில் படிக்கவைப்பது குறிக்கோள். மையத்துக்கு முப்பது பேர், பத்து மாதப் படிப்பு. நடத்துகிறவருக்கு மாதம் ஐம்பது ரூபாய் மதிப்பூதியம். அந்தக் காலத்து ஐம்பது ரூபாய்தான், என்றாலும் குடும்பம் நடத்தும் தொகை அல்ல. இவர்களைப் பயிற்றவும் பாடம் எழுதவும் மாநில வள மையங்கள் ஏற்பட்டது இத்திட்டத்தின் நல்ல பலன். ஆனால் குறிக்கோள் பெரிது, காலம் குறுகியது. சில வருஷத்திலேயே வேகம் குறைந்துபோனது.

பத்து வருஷம் கழித்து, 1988 மே 5இல் ராஜீவ் காந்தி தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இதன் முகத்தை மாற்றியது எர்ணாகுளம் மாவட்டம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து 1989இல் இறங்கின. சுமார் இருபதாயிரம் தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள். ஒரு காசு ஊதியம் கிடையாது. 1990 பிப்ரவரி 4இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிப்பு வந்தது. 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழுவதற்கும் அவ்வாறே அறிவித்தார்கள்.

இந்தக் காலத்துப் பயிற்சி முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு தன்னார்வலர் என்பது கணக்கு. ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர் படிக்க வேண்டுமென்றால் பத்தாயிரம் தன்னார்வலர் வேண்டும். அவர்களை இருபத்தைந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்தால் நானூறு பயிற்றுநர் வேண்டும். அந்த நானூறு பேரைத் தயார் செய்ய அவர்களுக்கு மேலே ஒரு சிறு கருத்தாளர் குழு. மேலே சொன்னது அடுத்த தட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த தட்டுக்கு என்று அருவிபோல் இறங்கும் என்பது ஏற்பாடு. ஆனால் நகைக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார், தங்கம் ஒவ்வொரு கையாக மாறும்போதும் சேதாரம் உண்டு என்று. மேலே நான்கு நாள் பேசிய விஷயம் கீழே வந்து சேரும்போது இரண்டு நாளாகும், பாட்டும் முழக்கமும் நிற்கும், பாடம் நடத்தும் நுணுக்கம் பாதியாகிப் போகும். இந்தச் சேதாரத்துக்கு மருந்தாகப் பாடப்புத்தகத்தையே ஆசிரியராக்கப் பார்த்தார்கள். மூன்று படிகளாகப் பிரித்த புத்தகம், இருநூறு மணி நேரத்தில் முடிக்கும் பாடம், ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் கற்பவர் தாமே தம்மைச் சோதித்துக்கொள்ளும் பயிற்சி. அகரவரிசையில் தொடங்காமல் அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லில் தொடங்குவது. நல்ல யோசனைதான்.

இருந்தாலும் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாத சங்கதிகள் களத்தில்தான் தெரிந்தன. நாற்பது வயதுக்கு மேல் வகுப்புக்கு வந்தவர்கள் சில நாளில் நின்றுவிடுவார்கள். சோம்பல் என்று நினைத்தால் அது இல்லை. கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது, எழுத்தே தெரியவில்லை. சொல்ல வெட்கம். எர்ணாகுளத்தில் இதைக் கண்டுகொண்டு கண் சோதனை முகாம்கள் நடத்தி ஆயிரக்கணக்கான மூக்குக்கண்ணாடிகளைக் கொடுத்தார்கள். மாமியார் மருமகள் முன்னால் சத்தமாக எழுத்துக் கூட்ட மாட்டார். மண்வெட்டி பிடித்த கை பென்சிலை ஒடித்துவிடும், முதலில் மணலில் எழுதவைக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் வகுப்பை வைத்தால் காலி இடத்துக்குத்தான் பாடம் நடத்த வேண்டும். இப்படிப்பட்ட அறிவு மேலிருந்து இறங்கவில்லை, கீழிருந்து வந்தது. தன்னார்வலர்கள் கூடும் வாராந்தரக் கூட்டங்களில் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுப் பரவியது.

அப்படிக் கூடிப் பேசியதன் வலிமைக்கு இரண்டு சாட்சிகள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், 1991-92இல், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வகுப்புக்குப் போய்வர வண்டி வேண்டும் என்ற தேவையைப் பாடத்தோடு சேர்த்தார்கள். எந்தத் தேசியப் பாடத்திட்டத்திலும் சைக்கிள் இல்லை. இரண்டாவது, ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமம். எழுத்தறிவுப் பாடத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை வந்தது. படித்த பெண்கள் அதைக் கதையாக விட்டுவிடவில்லை. ரோசம்மா முன்னே நிற்க, ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் தாண்டிப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தையே தடைசெய்யும் வரை போனது. பாடத்தை வாசிக்கவைத்து மட்டும் எழுந்து போகாமல், அதைப் பற்றிப் பேசவைக்கத் தெரிந்த யாரோ ஒரு தன்னார்வலர் அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. போன வருஷத்து முன்னிருப்பை முதல் வரியில் எழுதாமல் இந்த வருஷக் கணக்கைத் தொடங்க மாட்டான். முதியோர் கல்விக் கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புது நோட்டில், சுழியத்திலிருந்து தொடங்குகிறது. எர்ணாகுளத்துக்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் கற்ற பாடம் அடுத்த திட்டத்தின் முதல் வரியில் ஏறியதா என்றால், மிகக் கொஞ்சம்தான் ஏறியது என்பதே என் முடிவு. இந்த வரலாற்றில் எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான்.

2000இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் எஃப்.சி. கோலி கணினி வழி எழுத்தறிவு என்ற முறையைக் கொண்டுவந்தார். பழைய கணினிகளை வைத்து, படமும் குரலுமாகச் சில நூறு சொற்களைக் காட்டி, நாற்பது மணி நேரத்தில் செய்தித்தாள் வாசிக்கவைக்கலாம் என்றார். தமிழ் உட்படப் பல மொழிகளில் செய்தார்கள். வாசிப்புக்கு அது வேகமான வழி. ஆனால் ஆசிரியர் கிடைப்பதில்லை, பயிற்சி தரமாக இல்லை என்ற குறைக்கு, ஆசிரியரின் பங்கையே சுருக்கிவிடுவதை விடையாகக் கொண்டது அது. எழுதுவதும் பேசுவதும் அதில் பின்னுக்குப் போயின.

2009 செப்டம்பர் 8இல், உலக எழுத்தறிவு நாளன்று, சாக்ஷர் பாரத் வந்தது. ஏழு கோடிப் பேர் குறிக்கோள், அதில் பெரும்பாலோர் பெண்கள். ஊராட்சிதோறும் ஒரு மையம், மையத்துக்கு இரண்டு பிரேரக், அதாவது ஊக்குநர், மாதம் இரண்டாயிரம் ரூபாய் மதிப்பூதியம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியோடு சேர்ந்து தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். முதியோர் கல்விக்கென்று ஊரில் நிலையாக ஓர் ஆள் இருந்தார் என்று சொல்லலாம். 2018 மார்ச் 31இல் திட்டம் முடிந்தது. லட்சக்கணக்கான ஊக்குநர்கள் அன்றோடு வேலை இழந்தார்கள். பாக்கி மதிப்பூதியம் கேட்டுப் பல மாநிலங்களில் தெருவில் நின்றார்கள். ஒன்பது வருஷம் சேர்ந்த அனுபவத்தை எழுதி வாங்கிக்கொள்ளவும் ஒருவரும் இல்லை.

கைப்பேசிக்குள் பயிற்சி

இந்த இடைவெளியில்தான் இணையம் வந்து சேர்ந்தது. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தீக்ஷா என்ற தளம் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் நிஷ்டா என்ற பெயரில் நாட்டின் 42 லட்சம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சி திட்டமிட்டார்கள், பழைய அருவி முறையிலேயே. 2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. அதே ஆண்டு அக்டோபரில் பயிற்சி முழுவதையும் தீக்ஷாவுக்கு மாற்றிப் பதினெட்டுப் பாடங்களாக்கினார்கள். செயற்கைக்கோள் காலத்தைப் போலவே இப்போதும் பள்ளி ஆசிரியரே முன்னே போனார்.

முதியோர் பக்கம் 2020-21இல் பட்னா லிக்னா அபியான் என்ற சிறு திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதன் பெயர் 'கற்போம் எழுதுவோம் இயக்கம்'. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2022 முதல் 2027 வரை, 1,037.90 கோடி ரூபாய், வருஷம் ஒரு கோடி வீதம் ஐந்து கோடிப் பேர். 'முதியோர் கல்வி' என்ற பெயரே எடுபட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று ஆச்சு. ஆசிரியர் முழுக்க முழுக்கத் தன்னார்வலர், மதிப்பூதியம் இல்லை. பள்ளி, கல்லூரி மாணவர், ஆசிரியப் பயிற்சி மாணவர், ஓய்வுபெற்றவர் யாரும் சேரலாம். 2023 ஜூலையில் உல்லாஸ் என்ற பெயரும் செயலியும் வந்தன. கற்பவர் பதிவு, தன்னார்வலர் பதிவு, இருவரையும் இணைப்பது எல்லாம் அதிலேயே. பாடமும் பயிற்சிப் பொருளும் தீக்ஷா தளத்தில். இருநூறு மணி நேரம் படித்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தேர்வு எழுத வேண்டும். 2024 ஜூனில் லடாக்கும் 2025 மே மாதத்தில் மிசோரமும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டன.

இணையவழிப் பயிற்சியைக் குறை சொல்வது சுலபம், நியாயம் அல்ல. அருவி முறையின் சேதாரம் இதில் இல்லை. தேர்ந்த கருத்தாளர் பேசுவதைக் கடைசித் தட்டில் உள்ள தன்னார்வலர் நேரடியாகவே கேட்கிறார். புரியாததைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். கடையை அடைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கும் படிக்கலாம். நம்மைப் போல வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இதில் தனி நன்மை இருக்கிறது. நாம் வாழும் நகரங்களில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழர் பலர் உண்டு. அவர்களில் எழுத்தறியாதவர்களுக்கு அந்தந்த மாநில மொழியில்தான் வகுப்பு கிடைக்கும். தமிழில் சொல்லிக்கொடுக்க விரும்புகிற தன்னார்வலர் முன்பெல்லாம் பயிற்சிக்கு எங்கே போவார்? இன்று தமிழ்ப் பாடமும் பயிற்சிப் பொருளும் அவர் கைப்பேசிக்கே வருகின்றன. சங்கத்தில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிற அதே அம்மாக்கள், அதே அறையில் மாலை வேளையில் பெரியவர்களுக்கும் எடுக்கலாம். தெலுங்கு நாட்டிலும் மராட்டியத்திலும் பிழைக்கிறவருக்குப் பஸ் பலகை படிக்க உள்ளூர் எழுத்தும் வேண்டும் என்பது உண்மைதான். முதல் எழுத்து தாய்மொழியில் வந்தால் இரண்டாவது எழுத்து சீக்கிரம் வரும்.

என் குறை வேறு இடத்தில். தன்னார்வலர் காணொளியைப் பார்த்து முடித்தால் பயிற்சி முடிந்தது என்று கணக்காகிவிடுகிறது. புணே மன்றத்தின் முதல் பாதி இருக்கிறது, பெட்டியை அணைத்த பிறகு உட்கார்ந்து பேசும் இரண்டாவது பாதி விட்டுப்போகிறது. மூக்குக்கண்ணாடி விஷயத்தை அடுத்த ஊர்த் தன்னார்வலரிடம் சொல்ல ஓர் இடம் வேண்டும். கேள்வி மேலே போய்ப் பதில் கீழே வர வேண்டும். 1956இல் தபால் கார்டை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். இன்றுள்ள கருவிகளால் முடியாதா என்ன? பத்துத் தன்னார்வலருக்கு ஒரு குழு, மாதத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரக் கூட்டம், நேரிலோ திரையிலோ. அதை நடத்த அனுபவசாலி ஒருவர். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே முதியோர் கல்வி மையங்களை நடத்துவோருக்குத் தேசிய, மாநில, மாவட்ட அளவிலான வள நிறுவனங்கள் பயிற்சி தந்து துணைநிற்க வேண்டும் என்கிறது. துணைநிற்பது என்றால் காணொளியை அனுப்பிவிட்டு இருப்பது அல்ல என்றே நான் பொருள் கொள்கிறேன்.

அனுபவசாலிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 1990இல் இருபது வயதில் அறிவொளித் தொண்டராக இருந்தவருக்கு இப்போது வயது ஐம்பத்தைந்தை ஒட்டி இருக்கும். சாக்ஷர் பாரத்தின் ஊக்குநர்கள் இன்னும் இளையவர்கள். அவர்களில் சிலர் பிழைப்புக்காக நம் நகரங்களுக்கே வந்திருப்பார்கள், நம் சங்க விழாவில் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். விசாரித்துப் பார்த்தால் தெரியும். அப்படி ஒருவர் கிடைத்தால், சங்கச் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கட்டும். முதல் நாள் எந்தச் சொல்லில் வகுப்பைத் தொடங்கினீர்கள்? படிக்க வந்தவர் நின்றுபோனபோது என்ன செய்து திரும்ப அழைத்து வந்தீர்கள்? இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் என்ன? அந்தப் பெயரையும் விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.